கல்லணைக்குப் போன சைக்கிள்

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, திருவானைக்காவல் கோபுரத்தைக் கடந்து, நண்பர்களோடு சைக்கிளில் கல்லணைக்கு வந்தேன். மதகுகளில் தண்ணீர் இரையும் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். அம்மா அழவே இல்லை. யாரிடமும் பேசவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைத் திருவெறும்பூரிலிருந்து சைக்கிளில் இங்கே கூட்டிவந்தார். நான் முன்கம்பியில், அம்மா கேரியரில். எதிர்க்காற்றில் அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் சுட்டது.

மதகுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவிடம், "இங்க அழுதா யாருக்கும் கேக்காதும்மா. அழுதுடு" என்றார். அம்மா தம்பியின் பெயரைச் சொல்லிக் கதறினாள். அப்பா அவள் கையை விடவே இல்லை.

வெகுநேரம் கழித்து, "பசிக்குதுங்க" என்றாள் அம்மா. அப்போதுதான் அப்பா அழுதார்.

அப்பா இப்போது இல்லை. நண்பர்களைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு, அம்மா தனியாக இருக்கும் திருவெறும்பூருக்கு சைக்கிளைத் திருப்பினேன்.