நாலு தலை பூதமும் இருபத்தெட்டுக் கழுத்தெலும்பும்

அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘எக்ஸ்ரே’ என்றால் போதும். ஆஸ்பத்திரியின் கடைக்கோடி அறையில் இருபத்திரண்டு வருடங்களாக மனிதகுலத்தைப் பார்த்து அவர் சொல்லிவந்தவை இரண்டே வாக்கியங்கள். “மூச்சை இழுத்துப் பிடிங்க.” “ம், விடுங்க.” எந்த நோயாளியும் பதில் பேசியதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னத்தைப் பேச?

ஆகவே பேச்செல்லாம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்வார்கள். ஆளுக்கொரு வீரனையோ வைத்தியனையோ தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவனாகவே பேசி, பகடை உருட்டி, எதிரே வருகிற பூதத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். கதையை நடத்துவதும் பூதம் செய்வதும் எக்ஸ்ரேயின் இலாகா.

பூதம் செய்வதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: முதலில் எலும்பு. படம் பார்க்கும் பழைய விளக்குப்பெட்டியை ஆஸ்பத்திரி கழித்துப் போட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன்மேல் தாளை வைத்து எலும்பெலும்பாக வரைவார். “கழுத்துல ஏழு எலும்பு இல்லேன்னா பூதம் தலையைத் திருப்பாது” என்பார். திருப்பாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கும் துணிச்சல் ஒருவருக்கும் வந்ததில்லை.

பதினோரு மாதம் உழைத்து அவர் செய்தது நாலு தலை பூதம். ஆளுக்கொரு தலை, அளவெடுத்துத் தைத்ததுபோல. கணக்கு டீச்சருக்கான தலை “ஏழெட்டு ஐம்பத்தி நாலு” என்று சொல்லும். அதைத் திருத்தாமல் டீச்சரால் வாள் வீச முடியாது. பஸ் டிரைவருக்கான தலை வழியை மறித்துக்கொண்டு ஆடி அசைந்து நகரும். மருந்துக்கடைக்காரருக்கான தலை “பாதி அட்டை மட்டும் குடுங்க” என்று கெஞ்சும். தங்கை புருஷனுக்கான தலை புகழும். மாப்பிள்ளை கவிழ அது போதும். நாலு பேரும் சேர்ந்து நின்றால் ஒருவர் பலவீனத்தை மற்றவர் தாங்கிப் பூதத்தைச் சாய்க்கலாம். அதற்காக நாலு பேரும் ஒரே ஒரு ஞாயிறு சேர்ந்து உட்கார வேண்டும். எக்ஸ்ரே கடவுளிடம் கேட்டது அவ்வளவுதான். கடவுள் ஞாயிற்றுக்கிழமைகளில் மனு வாங்குவதில்லை.

முதலில் டீச்சருக்கு இடமாற்றம். “ஆறு மணி நேரம் பஸ்ஸு சார். என் வீரனை யாராவது பாத்துக்குங்க” என்றார், பூனையை ஒப்படைப்பதுபோல. எக்ஸ்ரே ரப்பரை எடுத்தார். ஆள் குறைந்தால் பூதமும் இளைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமிருப்பவர்கள் செத்துப்போவார்கள். ஒரு தலை, ஏழு எலும்பு போயிற்று. தோளைத் திருத்தி வரைந்தார்.

டிரைவருக்கு ஞாயிறு டூட்டி விழுந்தது. “வர்ற வாரம் பாப்போம் தலைவரே” என்றார். அந்த வர்ற வாரம் ஐந்து வாரமாகியும் வரவில்லை. இன்னொரு தலை போயிற்று. மருந்துக்கடைக்காரர் காரணமே சொல்லவில்லை, போனையும் எடுக்கவில்லை. நேரில் போனபோது “என்ன வேணும்?” என்றார், புது ஆளைக் கேட்பதுபோல. எக்ஸ்ரே தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார். முழு அட்டை.

மிஞ்சியது மாப்பிள்ளையும் ஒரு தலையும். ஒற்றைத் தலை பூதம் என்பது ஏறக்குறைய சொந்தக்காரர் மாதிரிதான்.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை சரியாக நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தார்.

“பூதம் குகை வாசல்ல நிக்குது மாப்ளே. ‘ஆகா, என்ன தோளு, என்ன கம்பீரம்’னு உங்களைப் பாத்துச் சொல்லுது.”

“அடிச்சுரலாமா மச்சான்?”

“பதிலுக்கு ஏதாவது பேசுங்களேன்.”

“பேசி என்ன ஆகப்போகுது, பூதம்தானே.”

பகடை உருண்டது. இருபது, அதற்குமேல் எண் கிடையாது. நாலு பேருக்காகப் பிறந்து ஒருவருக்காக இளைத்த பூதம் ஒரே அடியில் சாய்ந்தது. மணி நாலு ஆறு.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

மாப்பிள்ளை நல்லவர். நல்லவர்கள்தான் உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். எனக்கு இந்த விளையாட்டு மண்டையிலயே ஏறல. ‘அண்ணன் தனியா கெடக்கு, போய் ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாங்க’ன்னு உங்க தங்கச்சிதான் தொரத்துவா. இப்ப பாப்பாவை நீச்சல்ல சேத்தாச்சு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு.”

“எத்தனை வருஷமா மாப்ளே?”

“எது, நீச்சலா?”

“இல்ல. தொரத்துறது.”

மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். “உங்கம்மா தவறுனதுலேருந்து. ஆறு வருஷம் இருக்குமா?”

ஆறு வருடம் என்றால் முந்நூற்றுச் சொச்சம் ஞாயிறு. எக்ஸ்ரே வாசல்வரை போய் வழியனுப்பினார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

திரும்பி வந்து பூதத்தின் தாளை விளக்குப்பெட்டிமேல் வைத்து சுவிட்சைப் போட்டார். ரப்பருக்குப் போவது கரி மட்டும்தான். பென்சில் அழுத்திய பள்ளம் போகாது. அழித்த மூன்று கழுத்தும் வெளிச்சத்தில் மங்கலாக எழுந்து நின்றன. தொழில் பழக்கம், விரல் வைத்து எண்ணினார். இருபத்தெட்டு. ஒன்றும் குறையவில்லை.

மேசையைச் சுற்றி நாலு நாற்காலிகள் காலியாக இருந்தன.

“ஏழெட்டு ஐம்பத்தி நாலு” என்றார், சத்தமாக.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் திருத்தவில்லை. விடச் சொல்லவும் ஆளில்லை.