பேசும் எடை மிஷினும் பேசாத ரீத்தாவும்

கரியாலூருக்கு மேலே இருக்கும் படகுத்துறையில் ரீத்தாவுக்கு வேலை ஒன்றுதான். வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு வந்ததும் திரும்ப வாங்கி வெயிலில் காயப்போட வேண்டும். ஏழு வருஷமாக அந்தத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஏழு வருஷத்தில் அவள் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், வெள்ளிமலை மினி பஸ் கண்டக்டர் ஒரு நடையில் பேசுகிற அளவுக்கு வராது. ஜாக்கெட்டை நீட்டும்போது, "நம்பர் பாத்து உக்காருங்க" என்பாள். அதையும் ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் சொல்வாள்.

அந்த நம்பரில்தான் விஷயம் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ரீத்தா சின்னசேலம் பக்கத்தில் ஒரு மரவள்ளிக்கிழங்கு களத்தில் வேலை பார்த்தாள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளைத் தராசுப் பக்கம் நிற்க வைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை லாரியிலிருந்து மூட்டை இறங்கும். இரண்டாம் வருஷமே, மூட்டை தராசில் ஏறுவதற்குள் அது எத்தனை கிலோ என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே. லாரன்ஸைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்த பிறகு மூட்டைக்குப் பதில் மனுஷர்களைப் பார்த்தாள். பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டை வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

ஏரியில் இருப்பவை பெரும்பாலும் காலால் மிதிக்கும் படகுகள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். முன்னால் இருப்பவர்கள் மிதிக்க வேண்டும். சமவெளியிலிருந்து வருகிற குடும்பங்கள் படகில் மரியாதைப்படி உட்காரும். அப்பாவும் பெரியப்பாவும் முன்னால், ஒல்லியான சித்தியும் பிள்ளையும் பின்னால். படகும் அந்தப் பெரியவர்களுக்கு மரியாதை செய்கிற மாதிரி மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக் கும்பிடும். "நீங்க கனமா இருக்கீங்க, பின்னாடி போங்க" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வதைவிட ஏரியில் குதித்துவிடலாம் என்று ரீத்தாவுக்குத் தோன்றியது.

அதனால் ஒருநாள், படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எடுத்து இருக்கைகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினாள். ஜாக்கெட்டுகளிலும் அதையே எழுதினாள். அதற்குப் பிறகு ஆளைப் பார்ப்பாள், மனசுக்குள் கூட்டிக் கழிப்பாள், யாருக்கு எந்த நம்பரோ அதை நீட்டுவாள். நம் ஜனங்கள் எதை எதிர்த்துப் பேசினாலும் சீட்டு நம்பரை எதிர்த்துப் பேசமாட்டார்கள். படகுகளும் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல ஒரு பக்கமும் சாயாமல் போய்வந்தன.

இது துடுப்புப்படகு ஓட்டும் ஆல்பர்ட்டுக்குத் தெரியாது. ஜாக்கெட் காணாமல் போகாமல் இருக்கத்தான் நம்பர் என்று நினைத்தார். குத்தகைக்காரர் தெய்வசிகாமணி எதையும் நினைக்கவில்லை. அவர் தியாகதுருகத்தில் கரும்பு போடுகிறவர். படகுத்துறையை எடுத்து நடத்துகிறாரே தவிர, ஒரு தடவைகூடப் படகில் கால் வைத்தவர் இல்லை. கேட்டால் தலை சுற்றும் என்பார்.

இந்தச் சித்திரையில் ரீத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை பிள்ளை சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஊருக்குப் போனாள். அன்றைக்கு ஆல்பர்ட் கைக்கு வந்த ஜாக்கெட்டை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கரையிலிருந்து பத்தடி போவதற்குள் ஒரு படகு நாலு பேரையும் சாய்த்துக் கொட்டியது. இடுப்பளவு தண்ணீர்தான். நாலு பேரும் எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் அதை எடுத்த வீடியோ அன்று மாலைக்குள் எல்லா செல்போனிலும் ஓடியது. பின்னணியில் யாரோ நாதஸ்வரம் வேறு சேர்த்திருந்தார்கள்.

தெய்வசிகாமணி மறுவாரமே கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு எடை மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். பேசும் மிஷின். மேலே ஏறி நின்றால், பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை காட்டுகிற மாதிரி ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் எடையைச் சொல்லும். கூடவே, "எடையைக் குறைத்து ஆரோக்கியமாக வாழுங்கள், நன்றி" என்று முடிக்கும். ஏறியவர் எலும்பும் தோலுமாக இருந்தாலும் அதையேதான் சொல்லும்.

"யம்மா ரீத்தா, இனிமே எட போட்டுத்தான் படகுல ஏத்தணும். அத்த மிஷின் பாத்துக்கும். ஜாக்கெட்ட ஆல்பர்ட்டே குடுத்துக்குவான். இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் வந்துக்கினு இரு. அப்பால வேணாம்."

ரீத்தா தலையாட்டினாள். இந்த வேலை போனால் வருஷத்தில் ஆறு மாதம் லாரன்ஸோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போக வேண்டும். மிளகுக்கொடியில் பார்க்க என்ன இருக்கிறது? இங்கே ஒவ்வொரு நாளும் புதுப்புது மனுஷர்கள். அவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்குச் சம்பளமும் உண்டு. முதலாளியிடம் நம்பர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். வீட்டில் கோழிகளிடம் இரண்டு தடவை தடங்கலில்லாமல் சொல்லிப் பார்த்தாள். கோழிகள் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டன. முதலாளி எதிரில் வந்தால் மட்டும் திரும்பி ஜாக்கெட்டுகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

அதற்குள் இன்னொன்றையும் கவனித்திருந்தாள். மிஷின் வந்திறங்கியதும் ஆல்பர்ட் ஏறி நின்றார். எழுபத்தொன்று என்றது. ரீத்தா கணக்கில் அவர் அறுபத்தைந்து. மீன் வறுவல் தின்றிருப்பாரோ என்று விட்டுவிட்டாள். பிறகு டீக்கடைக்காரர் ஏறினார், வேன் டிரைவர் ஏறினார். எல்லாருக்கும் அவள் கண் சொன்னதைவிட ஆறு கிலோ அதிகம். வேன் மலை ஏறும்போது குலுங்கிய குலுக்கலில் எதுவோ ஆகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டியில் வந்த ஒரு அம்மாள் மிஷினைப் பார்த்ததும் வளையலைக் கழற்றினார், தோட்டைக் கழற்றினார், பூவையும் எடுத்துவிட்டு ஏறினார். எண்பத்தொன்பது என்று ஏரி முழுக்கக் கேட்டது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு, படகே வேண்டாம் என்று போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற வரிசையும் மெதுவாகக் கரைந்தது.

பதினோரு மணிக்கு ஒரு வேன் வந்தது. தியாகதுருகம் சின்னதுரையும் திருநாவலூர் இளஞ்செழியனும் குடும்பத்தோடு இறங்கினார்கள். சின்னதுரையின் மகன் ஜீவாவுக்கு இளஞ்செழியனின் மகள் செவ்வந்தியைப் பேசி முடித்திருந்தார்கள். தேதி குறிப்பதுதான் பாக்கி. இரண்டு அப்பாக்களும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இரண்டு வைக்கோல் போர்போல நடந்து வந்தார்கள். ஒரே படகில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதாக வேனிலேயே பேசி வைத்திருந்தார்களாம்.

தெய்வசிகாமணி அவர்களைக் கும்பிட்டு மிஷினைக் காட்டினார். சின்னதுரை ஏறினார்.

"நூற்றுப் பதினெட்டு கிலோ. எடையைக் குறைத்து ஆரோக்கியமாக வாழுங்கள், நன்றி."

சின்னதுரை இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நூற்றுப் பதினெட்டு, நன்றி. துண்டை மனைவியிடம் கொடுத்தார். இரண்டு செல்போனையும் சாவிக்கொத்தையும் மகனிடம் கொடுத்தார். மிஷின் இறங்கி வரவில்லை.

"சம்மந்தி, சொக்காயக் கழட்டினாலும் அது கொறையாதுங்க" என்று இளஞ்செழியன் சிரித்தார்.

"நீங்க ஏறுங்க, பாப்போம்."

இளஞ்செழியன் ஏறினார். நூற்று இருபத்தொன்று.

சின்னதுரை அதை விடவில்லை. மூணு கிலோ ஜாஸ்தி என்று மனைவியிடம் சொன்னார், டிரைவரிடம் சொன்னார், சும்மா நின்ற டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். இளஞ்செழியன் முகம் கறுத்தது. தங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறை இல்லை, அதுதான் உடம்பில் தெரிகிறது என்றார். அப்படியென்றால் எங்கள் வீட்டில் குறையா என்றார் சின்னதுரை. பேச்சு சோற்றிலிருந்து நெல்லுக்குப் போனது, நெல்லிலிருந்து நிலத்துக்குப் போனது. பெண்ணின் அம்மா போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கிளம்பத் தயாராக வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஜீவாவும் செவ்வந்தியும் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். தெய்வசிகாமணிக்கு வேர்த்து ஊற்றியது. சின்னதுரையும் அவரும் ஒரே ஊர். நாளைக்கு ஊருக்குள் தலைகாட்ட வேண்டுமே.

ரீத்தா கொட்டகையை விட்டு வெளியே வந்தாள்.

ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவை கோழிகள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மிஷின் ஆறு கிலோ ஜாஸ்தி காட்டுதுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். ஏழு வருஷத்தில் அவள் குரலை அவ்வளவு உயரத்தில் கேட்டதில்லை என்பதால் ஆல்பர்ட் துடுப்பையே கீழே போட்டுவிட்டார்.

"உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் தெய்வசிகாமணி.

"பாத்தா தெரியுதுங்க."

இரண்டு சம்பந்திகளும் அந்த நிமிஷமே ஒரே கட்சி ஆனார்கள். அந்தப் பொண்ணு சொல்வது சரியாகத்தான் இருக்கும், தாங்களும் அப்படித்தான் நினைத்தோம் என்றார்கள். ஆல்பர்ட் டீக்கடையிலிருந்து, தையல் பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வந்து மிஷினில் வைத்தார்.

"முப்பத்தொரு கிலோ" என்றது மிஷின். "எடையைக் குறைத்து ஆரோக்கியமாக வாழுங்கள், நன்றி."

சின்னதுரையின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. இளஞ்செழியன் சிரிப்பில் தடுமாறி அவர் தோளையே பிடித்துக்கொண்டார்.

"அப்ப நானு எவ்ளோம்மா?" என்று சின்னதுரை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அதை மட்டும் ரீத்தா சொல்லவில்லை. ஒன்றாம் நம்பர் ஜாக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். இரண்டாம் நம்பர் செவ்வந்திக்கு. மூன்று ஜீவாவுக்கு. நான்கு இளஞ்செழியனுக்கு.

"நம்பர் பாத்து உக்காருங்க."

பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று பேசி வைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. நம்பர் ஆயிற்றே. முன்னால் சின்னதுரையும் மருமகளும், பின்னால் மருமகனும் இளஞ்செழியனும். கனம் இரண்டும் குறுக்கு மூலைகளில். படகு கோலப்பலகைபோலத் தண்ணீரில் மட்டமாக நின்றது. தெய்வசிகாமணி செல்போனில் கணக்கைப் போட்டார். அப்பாக்களுக்கு ஆளுக்கு ஆறு கழித்தார், பிள்ளைகளுக்குத் தோராயமாகப் போட்டார், இந்தப் பக்கம் கூட்டினார், அந்தப் பக்கம் கூட்டினார். பிறகு நிமிர்ந்து, கொட்டகையில் தொங்கிய ஜாக்கெட் நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நடு ஏரியில் சின்னதுரைக்கு மூச்சு வாங்கியது. மிதிப்பதுபோல முட்டியை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க ஸ்டேரிங்க மட்டும் புடிச்சிக்கங்க, நான் மிதிக்கிறேன்" என்றாள் செவ்வந்தி.

கரைக்கு வரும்போது ஆவணியில் தேதி குறித்தாயிற்று. மருமகளைப்போல ஒரு பெண் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று சின்னதுரை சொல்லிக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் கூட்டம் போன பிறகு தெய்வசிகாமணி கொட்டகை முன்னால் வந்து நின்றார். மிஷினைப் பலாப்பழக் கடைக்காரர் புளி மூட்டை நிறுக்கக் கேட்டாராம், கொடுத்துவிட்டாராம். புளி குறைக்கட்டும் எடையை என்றார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு எப்பவும் போல எட்டு மணிக்கு வந்துடும்மா." வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஆமா… நானு ஏறுனா படகு சாயாதா?"

ரீத்தா அவரைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. வயிற்றை வெளியே விட்டாலும் தொண்ணூற்றாறுதான்.

மூன்றாம் நம்பரை அவரிடம் கொடுத்தாள். இரண்டை ஆல்பர்ட்டிடம் கொடுத்தாள். நான்காம் நம்பர் ஜாக்கெட்டை அரிசி மூட்டைக்கு மாட்டி, வாரை இறுக்கி, ஆல்பர்ட்டுக்குப் பின் இருக்கையில் உட்கார வைத்தாள். அந்தப் பக்கம் இன்னும் ஆறு கிலோ குறைந்தது. பலாப்பழக் கடைக்குப் போய், குவியலைச் சுற்றிவந்து, ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமலே காட்டினாள். அதை வாங்கி வந்து மூட்டையின் மடியில் வைத்தாள்.

தெய்வசிகாமணி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நம்பர் பார்த்து உட்கார்ந்தார். படகு அசையவே இல்லை.