நாற்பத்தொன்றாவது வரிசை

திரையில் எண்கள் மேலேறிக்கொண்டிருக்க, அவள் ஒரு வரிசையின்மேல் விரலை வைத்துப் பாதிக்கண் மூடியிருக்கிறாள். விரலடியில் மூன்று, ஒன்று, நான்கு என்று எண் மாறிக்கொண்டே போனால் முகத்தில் சின்ன மலர்ச்சி. மாறவே இல்லையென்றால், "வாயைத் திறக்க மாட்டியா? சரி, கிளம்பு" என்று அந்த வரிசையையே நீக்கிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர்.

முதியோர் இல்லம் ஒன்றின் அறைகளிலிருந்து வரும் எண்கள் அவை. கட்டிலருகே கிடக்கும் விரிப்பு, தன்மேல் எத்தனை முறை கால் பட்டது என்று நாள்தோறும் சொல்லும். யார் எப்போது விழக்கூடும் என்று எச்சரிக்க ஒரு கணினியைப் பழக்குகிறார்கள். அதற்கு ஊட்டுமுன் சலித்துக் கொடுப்பது இவள் வேலை. வரிசையின் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பாள். மிச்சம் பூஜ்யம் என்றால் நீக்கம். அறையின் சன்னல் எண்ணிக்கைக்குக்கூட யாரோ ஒரு வரிசை போட்டிருந்தார்கள். தினமும் ஒன்று. "ராத்திரியோட ராத்திரியா இன்னொண்ணு முளைக்குமா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

பதினோரு வருடத்தில் நீக்கியிருக்கிறாளே தவிர, ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. தேநீர் ஆறுவது தெரியாமல், எண்களுக்குப் பின்னால் நடக்கும் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டாம் அறைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாக இருமுறை இறங்குகிறார். ஏழாம் அறை அம்மாள் மழை நாளில் இறங்குவதே இல்லை.

நாற்பத்தொன்றாவது வரிசையில் தொண்ணூறு நாளும் பூஜ்யம். அது, கால் விழுந்து படுத்த படுக்கையாக இருக்கும் அவள் அப்பாவின் அறை. நீக்கிய வரிசைகளின் விரிப்புகளைத் திங்கட்கிழமை வேறு அறைகளுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"போன வாரத்துலேர்ந்து கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்கறார் சார். என்னைக்காவது இறங்கப் பார்ப்பார். விழுந்தா யாருக்கும் தெரியாது" என்று மேலாளரிடம் சொன்னாள்.

"விதி நீங்க போட்டதுதானேம்மா? உங்கப்பாவுக்கு மட்டும் தனி விதியா?"



ஞாயிறு வரை வரும் எண்களே கணக்கு. சனிக்கிழமை மாலை அப்பாவின் கட்டிலருகே, விரிப்பை மிதிக்காமல், நெடுநேரம் நின்றாள். சுவரில் வெயில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குளிர்கிறதா என்று பார்ப்பவளைப் போல, வலது காலை மெதுவாக விரிப்பில் வைத்தாள்.

அப்பா தலையைத் திருப்பினார். வரிசை விஷயம் அவருக்குத் தெரியும். முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"என்னடி, இப்போ இறங்கினது நானா?"

"ம்."

"அப்போ ரெண்டு காலையும் வை. நான் என்ன ஒத்தைக் கால்லயா இறங்குவேன்?"

அவள் மற்ற செருப்பையும் கழற்றினாள்.