தொண்டையில் சாம்பல் நிறத் தோல்

உலக யுத்தம் முடிந்து, தெருவிளக்குகளின் கறுப்பு மூடியைக் கழற்றியிருந்த சமயம். சாந்தோமில் மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபது. எதற்கெடுத்தாலும் படபடக்கும் வயது.

அந்த வாரம்தான் ஒரு லேடி டாக்டர் எங்கள் பள்ளிக்கு வந்து டீச்சர்களுக்குக் குழந்தை நோய்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். கரும்பலகையில் ஒரு தொண்டையை வரைந்து, அதன் இரு பக்கமும் சாக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தார். "இது டிப்தீரியா. ஊர்ல தொண்டை அடைப்பான்னு சொல்வாங்க. பார்க்கச் சளி மாதிரி இருக்கும், ஆனா தோல். சுரண்டினா ரத்தம் வரும். அதனால தொடாதீங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க." மற்ற டீச்சர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் நோட்டில் படத்தை வரைந்துகொண்டேன்.

நாலு நாள் கழித்து, காலைப் பாடத்தில், முன்வரிசையில் உட்காரும் ஐந்து வயதுப் பெண் எழுந்து வாசித்தாள். வகுப்பிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான். அன்று குரல் கம்மியிருந்தது. கழுத்து தாடைக்குக் கீழே புடைத்திருந்தது. உடம்பு கொதிக்கவில்லை, லேசாகச் சுட்டது. ஜன்னலோரம் கூட்டிப்போய், "வாயைத் திற கண்ணு" என்றேன். அழுகிய பழம்போல ஒரு வாடை. உள்ளே, கரும்பலகையில் பார்த்த அதே இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு தோல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அடுத்த நொடியே வெட்கம் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அவள் அப்பா ஜட்கா குதிரைவண்டி ஓட்டுபவர். சவாரிக்காகக் கோயில் வாசலில்தான் நிற்பார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஜலதோசம்தானே டீச்சரம்மா. நேத்து சாயங்காலம்தான் தொண்டை நோவுதுன்னா. அவ அம்மா கசாயம் வெச்சிக் குடுத்துக்கினு கீறா."

"இது கஷாயத்துக்கு அடங்காது. இன்னும் ரெண்டு நாள் விட்டா மூச்சே நின்னுடும். வண்டியை எடுங்க!"

நான் கத்தியதில் அவர் சிரிப்பு நின்றது. வண்டியில் நானும் ஏறி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டேன். கடற்கரைச் சாலையில் அந்தக் குதிரை அப்படி ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். என் கொண்டை அவிழ்ந்தது, ஒரு செருப்பு எங்கோ விழுந்தது. ஒரு முனையில் போலீஸ்காரர் கையைக் காட்டி மறித்தார்.

"இன்னாய்யா, ரேஸா உட்டுக்கினு போறே?"

"கொயந்தைக்கு மூச்சு அடைக்குது சார்!"

அவர் குனிந்து என் மடியைப் பார்த்தார். பிறகு நடுரோட்டில் நின்று, எதிரே வந்த மாட்டுவண்டிகளையெல்லாம் ஓரங்கட்டி வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். நேற்று என்றதும் அவர் முகம் மலர்ந்தது. நோய்க்கிருமி தொண்டையில் உட்கார்ந்துகொண்டு விஷத்தைக் கக்குமாம். அந்த விஷம் இதயத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒட்டுவதற்குமுன் மாற்றுமருந்து போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு என்றார். ஆனாலும் கையில் தோலுக்கடியில் ஒரு துளி மட்டும் போட்டுவிட்டு, அந்த மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று அரைமணி பார்க்கவைத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரைமணி வந்ததில்லை. கையில் தடிப்பு வரவில்லை. ஊசி போட்டார்கள்.

"இது இன்னா மருந்து டாக்டரம்மா?" என்று கேட்டார் அப்பா.

"குதிரை ரத்தத்திலேருந்து எடுக்கறது. குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமா அந்த விஷத்தைக் குடுத்துப் பழக்குவாங்க. அதோட உடம்பு மாற்றுமருந்தைத் தயார் பண்ணிடும்."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "குதுரையா? நம்ம குதுரை வாசல்லதான் கீது. இட்டாரட்டுமா?" என்றார். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வர.

அம்மாவை மட்டும் பிள்ளையோடு இருக்கவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது அந்த அம்மா ஜன்னல் வழியாகவே கத்தினாள்: "டீச்சரம்மா, தோலு உரிஞ்சிக்கினு வருது!" நனைந்த காகிதம் போல ஓரத்திலிருந்து கழன்று வந்ததாம். பிள்ளை கஞ்சி கேட்டாளாம். எனக்கு அந்த வராந்தாவிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது.

குதிக்கக் கூடாதவள் அந்தப் பிள்ளைதான். இதயம் தேறும்வரை பல வாரம் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்றார்கள். நடுவில் பேச்சு மூக்கால் வந்தது. குடித்த பால்கூட மூக்கு வழியே வந்தது. எல்லாரும் பதறினோம். அதுவும் விஷம் செய்த வேலைதான், தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. அப்படியே ஆயிற்று.

இதற்கிடையில் என் வகுப்பிலுள்ள எல்லாருடைய தொண்டையிலும், என் தொண்டையிலும், பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தார்கள். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கிருமி இருந்தது. அவளைத் தனியாக வைத்தார்கள். ஜட்காக்காரர் மகள் தேறி நடமாடத் தொடங்கியபின் பள்ளியில் தடுப்பூசி நாள் குறித்தார்கள்.

அன்று பள்ளி வாசலில் தாய்மார்கள் கூட்டம். "நல்லாக் கீற புள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்று ஒருத்தி மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் படித்துக்கொண்டு போயிருந்த விளக்கமெல்லாம் மறந்துபோயிற்று. அப்போது ஜட்காக்காரர் முன்னால் வந்தார்.

"எம் பொண்ணு படுத்தப்ப குதுரைகிட்ட மருந்து கடன் வாங்கனோம். இந்த ஊசி போட்டுக்கினா கொயந்த உடம்பே அந்த மருந்தைப் பண்ணிக்கும். யார்கிட்டயும் கேக்க வாணாம். ஒரு தபா வந்தவளுக்கே மறுபடி வரலாமாம். எம் பொண்ணுக்கும் இன்னிக்குப் போடறேன், பாத்துக்க."

சொன்னபடியே மகளை முதலில் நிறுத்தினார். அவள் ஒரு "ஆ" போட்டுவிட்டு, சட்டென்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். இழுத்துக்கொண்டு போன தாய் திரும்பி வந்து வரிசையில் நின்றாள். வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. எங்கே நிறுத்துவது, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல், அழுகிற பிள்ளைகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஓடினேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசி. யாரும் வரமாட்டார்கள் என்று பயந்துகொண்டே வாசலில் நின்றேன். ஜட்கா வந்தது. உள்ளே நான்கு தாய்மார், அவர்கள் மடியிலும் முதுகிலுமாகப் பள்ளிக்கே இன்னும் வராத ஒன்பது குழந்தைகள்.