அப்பா எழுதிய முதல் பக்கங்கள்

போன வாரம் ஒரு சாவு வீட்டில், செல்போனைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, திருடியைப் போல நின்றிருந்தேன்.

எதைத் திருட? சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வரும் மாதத்தோடு அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அப்போது சில வாரங்கள் இந்தப் பத்தி வராமல் போனதும், உங்களில் பலர் விசாரித்து எழுதியதும் நினைவிருக்கிறது. அதற்கெல்லாம் நான் சரியாக நன்றி சொல்லவே இல்லை. இந்த வாரம் அந்தக் கடனையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே ஃபேக்டரியில், தூள் சலிக்கிற பகுதியில் அப்பாவுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறு வேலை. எங்கள் ஆலயம் சின்னது. பாஸ்டருக்குப் பார்க்க வேண்டிய எஸ்டேட்களோ ஏகப்பட்டது. அவர் வர முடியாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது அப்பாதான். சம்பளமில்லாத அந்த வேலைக்காக ஊர் அவரை 'உபதேசியார்' என்று கூப்பிட்டது. என்னை இன்றைக்கும் 'உபதேசியார் மக' என்றுதான் சொல்வார்கள். பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இரண்டு மாதம் முன்பு பாஸ்டர் போன் செய்தார்.

"சிஸ்டர், நினைவு ஆராதனைக்கு அப்பா எழுதினதையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாப் போட்டா என்ன? சபையில எல்லாரும் ஆசப்படுறாங்க."

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. உடனே சரி என்றுவிட்டேன். நான் இப்போது இருக்கும் கோவிந்தாபுரத்திலிருந்து பஸ் பிடித்து, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மாறி மாறி மலையேறிப் போய், தம்பி ஜெபராஜ் வீட்டில் அப்பாவின் ட்ரங்க் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே புத்தகங்கள். பாட்டுப் புத்தகங்கள், வேத விளக்கங்கள், இரண்டு அகராதிகள், அட்டை கிழிந்த ஒரு வீட்டு வைத்திய நூல். எல்லாம் அப்பா போனஸ் பணத்தில் வாங்கியவை. ஆனால் அவர் கையால் எழுதியது? ஒரு தாள் கூட இல்லை!

அப்பா எழுதாத ஆளா? எங்கள் எஸ்டேட்டில் அவரளவு எழுதியவர் யாருமே கிடையாது. ஆனால் அவர் எழுதியதெல்லாம் அடுத்தவர் புத்தகத்தில்.

எங்கள் ஆலயத்தில் ஒரு வழக்கம். கல்யாணம் நடந்தால் சபை சார்பில் மணமக்களுக்கு ஒரு பைபிள் கொடுப்பார்கள். அதன் முதல் வெற்றுப் பக்கத்தில் உபதேசியார் ஏதாவது எழுதித் தர வேண்டும். மற்ற ஊர்களில் பெயரும் தேதியும் ஒரு வசன எண்ணும் எழுதி முடித்துவிடுவார்கள். அப்பாவுக்கு அது போதாது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வீட்டுக்குக் கூப்பிடுவார். பால் ஊற்றாத கட்டன் சாயா கொடுப்பார். அவர்கள் பேசப் பேச இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். பிறகு ஜெபம் பண்ணிவிட்டு, பேனாவைத் திறந்து, அந்த இரண்டு பேருக்காக மட்டும் ஐந்தாறு வரி எழுதுவார்.

"கல்யாணம் அவுகளுக்கா உங்களுக்கா? இத்தன யோசனை எதுக்கு?" என்று அம்மா கேலி செய்வாள்.

"சாமி சேத்து வைக்கிற ரெண்டு பேரு. அவங்கள யாருன்னு தெரியாம, அவர் புஸ்தகத்துல நான் கிறுக்கலாமா?" என்பார் அப்பா.

ஒரு நகல் கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லையே என்று நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். "காணிக்கைப் பையில போட்டத யாராவது வீட்டுல வந்து எழுதி வைப்பாங்களாம்மா?" என்று சிரித்தார். அப்பாவின் விசுவாசம் அப்படிப்பட்டது. கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆக, அப்பாவின் நூல் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பக்கம் பக்கமாகப் பிரிந்து, எஸ்டேட்டின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வீட்டுக்கு ஒரு பக்கமாகக் கிடக்கிறது. ரிட்டயர் ஆனவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு போடிக்கும் ராஜபாளையத்துக்கும் போனபோது கூடவே மலையிறங்கிய பக்கங்களும் உண்டு. அது மட்டுமா? எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அவருடைய பைபிளையும் சவப்பெட்டியில் வைத்துத்தான் அடக்கம் செய்வார்கள். அப்பா பைபிளையும் அவர் கையில்தான் வைத்து அனுப்பினோம். அப்போது அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கக் கூட எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் அப்பாவின் பக்கங்கள் எத்தனை கிடக்கின்றனவோ... யாருக்குத் தெரியும்?

இருப்பதையாவது பிடிப்போம் என்று செல்போனும் கையுமாகக் கிளம்பினேன். என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சுற்றியவர் முத்துப்பாண்டி அண்ணன். எங்கள் பக்கத்து லயம். சபைக்காரர் இல்லை, எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவின் முக்கியப் புள்ளி. வாடகை வேண்டாம் என்றுவிட்டார்.

"எங்கிட்டயும் ஒரு பக்கம் இருக்குல்லம்மா!" என்று ஜீப்பை நிறுத்தி, அவரே வீட்டுக்குள் போய் எடுத்து வந்து ஏறினார். அவர் மகள் பத்தாவது பாஸ் பண்ணியபோது அப்பா கொடுத்த அகராதி. முதல் பக்கத்தில் அந்த மணிமணியான கையெழுத்து:

'மகளே, இதில் இல்லாத வார்த்தைகளும் தமிழில் உண்டு. அவற்றை உன் அப்பாவிடம் கேட்காதே. அவர் ஜீப் ஓட்டுகிறவர், எல்லாம் தெரிந்து வைத்திருப்பார்.'

படித்துவிட்டு நான் சிரிக்க, அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாமுவேல் அண்ணன் வீட்டில் இன்னொன்று கிடைத்தது:

'சாமுவேல், நீ பேசினால் ஃபேக்டரி மெஷினுக்கு மேலே கேட்கிறது. வீட்டில் மெஷின் இல்லை. மெதுவாகப் பேசு. எஸ்தர், நீ கீழே இருந்து வந்திருக்கிறாய். முதல் மழைக்காலம் பயமாக இருக்கும். தகரத்தில் விழும் மழையில் உன் ஜெபம் உனக்கே கேட்காது. அவருக்குக் கேட்கும்.'

இதற்கும் கீழே ஒரு வரி இருந்தது. போட்டோ எடுக்கப் போகும்போது சாமுவேல் அண்ணன் அதன் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டார். "இது மட்டும் வேண்டாம்மா. மத்தத எடுத்துக்க." எஸ்தர் அக்கா உள்ளே ஓடிப்போய்விட்டார். அந்தப் போட்டோவில் அப்பாவின் எழுத்தோடு அண்ணனின் விரலும் இருக்கிறது. இருக்கட்டும்.

இப்படியே இரண்டு மாதமாக, மலைக்குப் போகும்போதெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். டீ குடித்துக் குடித்து வயிறு உப்பிவிட்டது. ஒரு இடம் மட்டும் பாக்கி. செல்லையா அண்ணன் வீடு.

அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். காரணம் இருக்கிறது. செல்லையா அண்ணன், தங்கபுஷ்பம் அக்கா கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று முதல் நாள் வரை ஊரே பார்த்துக்கொண்டிருந்ததாம். இரண்டு குடும்பத்துக்கும் அத்தனை சண்டை. அப்பா நடுவில் புகுந்து நடத்தி வைத்த கல்யாணம் அது. அந்த பைபிளில் மட்டும் அவர் ஐந்தாறு வரியோடு நிறுத்தவில்லை. பக்கம் நிறைய எழுதி, திருப்பிப் பின்பக்கமும் எழுதினாராம். அப்பா எழுதியதிலேயே பெரியது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். என்ன எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியாது. புத்தகத்தின் நடுநாயகமாக அதை வைத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை விடிந்ததும் ஆலய மணி அடித்தது. ஜெபராஜ் வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"செல்லையா அண்ணன் போயிட்டாரு, அக்கா."

மதியம் அடக்கம். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டில் வேலை செய்யும் மகன் பேரில் கிடைத்த வீட்டில்தான் அண்ணன் கடைசி வரை இருந்தார். வாசலில் தார்ப்பாய் கட்டி, பெட்டியை வைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நெஞ்சின் மேல் கோத்த கைகள். கைகளுக்கு அடியில் பச்சை அட்டை போட்ட அந்த பைபிள்.

பாஸ்டர் ஜெபித்து முடித்தார். இன்னும் ஒரு பாட்டு. பிறகு பெட்டியை மூடிவிடுவார்கள். அப்புறம் அப்பாவின் அந்த இரண்டு பக்கங்களை உலகத்தில் யாரும் படிக்க முடியாது.

நான் என்ன செய்வது? அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் போய் 'கொஞ்சம் அந்த பைபிளை எடுத்துத் தாருங்கள்' என்று கேட்க வாய் வருமா? கேட்காமல் விட்டால் மனசு ஆறுமா? செல்போனை எடுப்பதும், சேலைக்குள் மறைப்பதுமாக நின்றேன். "அக்கா, வேண்டாம்..." என்று ஜெபராஜ் காதருகே கெஞ்சினான்.

தங்கபுஷ்பம் அக்கா பார்த்துவிட்டார்.

"என்னம்மா, அண்ணங்கூட ஒரு போட்டோவா? வா, இங்கிட்டு வந்து நில்லு" என்று தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

எங்கள் பக்கம் பெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம்தான். தலையாட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். ஆனால் பொய் சொல்ல முடியவில்லை.

"அக்கா... போட்டோ அண்ணனுக்கு இல்ல. அப்பா எழுதுன பக்கம்... புஸ்தகம் போடுறோம்... மன்னிச்சிருங்க."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு குனிந்து, அண்ணனின் கைகளை மெல்லத் தூக்கி, பைபிளை உருவி எடுத்தார்.

"அத்த, வச்சத எடுக்கக் கூடாது!" என்று மருமகள் பதறினாள்.

"நான் வச்சது. நான் எடுக்கேன்."

அட்டையைத் திறந்தார். யாருக்கும் தெரியாமல் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் பாதி போவதற்குள்... சிரித்துவிட்டார். வாய்விட்டு. கணவனின் பெட்டியை மூடப்போகிற நேரத்தில், கூட்டமே திகைத்துப் பார்க்க, அந்த அம்மாள் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பைபிளை மூடி, மறுபடி அண்ணன் கைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. இது வேண்டாம்."

நான் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"உங்கப்பா எங்க கையில குடுக்கும்போது என்ன சொன்னாக தெரியுமா? கோயில்ல தொறக்காதீங்க, வீட்டுக்குப் போயி நீங்க ரெண்டு பேரு மட்டும் படிங்கன்னாக. எங்களுக்குச் சண்ட வந்தா உங்க அண்ணன் இதத்தான் எடுத்து வச்சிக்கிட்டு உக்காருவாக. ரெண்டு பேருந்தான் படிச்சோம். இப்ப அவுக கொண்டு போறாக. எனக்கு மனப்பாடம், சாரமில்ல, போகட்டும்."

பாட்டு தொடங்கியது. பெட்டியை மூடினார்கள். ஆணி அடிக்கிற சத்தத்தில் நான் அழுதேன். அண்ணனுக்காகவா, அப்பாவுக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் துக்கம் மட்டும் இல்லை அது. இப்படி ஓர் அப்பாவைக் கொடுத்தீரே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சொல்லி அழுதேன்.

நானும் வருடக்கணக்காக எழுதுகிறேன். 'பத்தி அருமை' என்று நீங்கள் எழுதும்போது தலை கால் புரியாமல் ஆடுகிறேன். ஆனால் ஒரு வீட்டுச் சண்டையை என் எழுத்து எப்போதாவது நிறுத்தியிருக்குமா? வாழ்க்கையிலேயே மிக மோசமான நாளில் ஒருவரைச் சிரிக்க வைத்திருக்குமா? அப்பா இரண்டே வாசகர்களுக்காக எழுதினார். அவர்கள் கடைசி வரை படித்தார்கள். ஒருவர் கையோடு எடுத்துக்கொண்டும் போய்விட்டார். எந்த எழுத்தாளருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

புத்தகம் வருகிறது. மனமுவந்து கொடுத்தவர்களின் பக்கங்கள் மட்டும், சாமுவேல் அண்ணனின் கட்டை விரலோடு. செல்லையா அண்ணன் பக்கம் இல்லையே என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று பாஸ்டர் மறுபடி போன் செய்தார். "சிஸ்டர், அச்சகத்துல ஒரு பக்கம் காலியா இருக்குங்கிறாங்க. உங்க கல்யாண பைபிள்ல அப்பா என்ன எழுதினாரு? அதையே போட்டுருவமே?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் காதில் அது விழுந்துவிட்டது. சோற்றுக் கையை அவசர அவசரமாக ஆட்டினார். "அம்மிணி, வேண்டாம்னு சொல்லு! அது ஊருக்குத் தெரிஞ்சா நா வெளிய தலகாட்ட முடியாது!"

பாஸ்டரிடம் மரியாதையாக மறுத்துவிட்டேன்.

என் வீட்டில் சாம்பார் தீய்ந்தது முதல் மாமியாரோடு மூன்று நாள் பேசாமல் இருந்தது வரை வாராவாரம் உங்களிடம் கொட்டுகிறவள் நான். இதை மட்டும் கேட்காதீர்கள்... அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் எழுதியது.