மாமாவுக்கு வைத்த மாளயச் சோறு

புரட்டாசி மாளயத்தன்று மத்தியானம், கனடாவின் ரூஜில் எங்கள் வீட்டின் பின்பக்க மரத்தள டெக்கில், அம்மா மாமாவுக்குப் படைத்த சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டு உள்ளே வந்தார். அதை ஒரு அணில் தின்றுகொண்டிருந்தது. நான் சோபாவில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பதில் வந்தது.

எதற்குப் பதில் என்று சொல்லவேண்டும். மாமா அம்மாவின் ஒரே தம்பி. எழுபதுகளில் இங்கிலாந்துக்குப் போய், ஷெபீல்டில் ஒரு உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு வாடகை வீட்டில் அறையெடுத்து இருந்தார். ஊரில் சண்டை தொடங்கிய நேரம் லண்டனில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: அந்த வீட்டில் இருந்த தமிழ்ப் பெடியன் ஆலையில் அடிபட்டுச் செத்துப்போனானாம். அந்த வீட்டில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பெடியன் மாமா மட்டும்தான். வேறொரு தமிழனும் அங்கே இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவுச் செய்தி வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் அழுவார்கள், விசாரிப்பதெல்லாம் பிறகு. இங்கே அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. சண்டை முற்றியது. ஊர் இடம்பெயர்ந்தது. நாங்களும் பெயர்ந்து பெயர்ந்து கனடா வந்து சேர்ந்தோம். திதி தெரியாதபடியால் அம்மா ஒவ்வொரு மாளயத்துக்கும் தம்பிக்கென்று ஒரு இலை போடுவார்.

ஷெபீல்ட் ஆட்கள் தங்கள் தெருக்களின் கதைகளையும் வீட்டுக் கதைகளையும் எழுதிப் பகிரும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் ஒரு பைத்தியம். ஆலையால் வந்த தாத்தாவின் முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாம் என்று ஒருவர் எழுதுவார். காயப்போட்ட வெள்ளைச் சீலை ஆலைப் புகையில் கறுத்துப்போகும் முன் ஓடிப்போய் எடுப்போம் என்று இன்னொருவர். வாயால் பேசுவதை அப்படியே எழுதுகிற ஆட்கள். முன்பின் தெரியாத ஆளையும் ‘அன்பே’ என்று கூப்பிடுவார்கள். அந்தத் துணிவில்தான் மாமா அங்கிருந்து எடுத்தனுப்பிய பழைய படமொன்றை, பெயரும் எழுதி, நானும் போட்டேன். ‘இவர் என் மாமா. உங்கள் ஊரில் இறந்துபோனார். பின்னால் தெரிவது எந்தத் தெரு?’

ஒரு பெண் பதில் எழுதியிருந்தார். ‘இறந்துவிட்டாரா, அன்பே? எப்போது? இன்று காலையில்தானே வேலிக்கு மேலால் எனக்குத் தக்காளி தந்தார்!’

வேறு யாரோவாக இருக்கும் என்று எழுதினேன். சற்று நேரத்தில் அவர் ஒரு படம் அனுப்பினார். கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், கையில் தக்காளிக் கூடை. இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு. அம்மா ஆயிரம் தடவை சொன்ன, கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பு.

மாமாவிடம் கேட்டு அவருடைய போன் இலக்கத்தை வாங்கித் தந்ததும் அந்தப் பெண்தான். நான் மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாமாவை அழைத்தேன். அக்காவின் மகள் என்று சொன்னேன்.

“சண்டையில உங்களில ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டெல்லோ எனக்குச் சொன்னவை,” என்றார். “போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது, பிள்ளை.”

அம்மா சந்தோஷத்தில் கத்துவார் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சொன்னதும் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

“உயிரோட இருக்கிறவனுக்கெல்லோ செத்தவைக்கு வைக்கிற சோத்தை வைச்சுப்போட்டன்!”

மாமா நாளும் போனில் அழைத்தபடியே இருந்தார். அம்மா கிட்டவும் வரவில்லை. தன் குரல் பட்டால் தம்பிக்கு ஏதாவது நடந்துவிடும் என்று பயம். கோயில் ஐயரிடம் கேட்டேன். தோஷமில்லை, ஆயுசுதான் கூடும் என்றார்.

“அவர் வாங்கின தெட்சணைக்குச் சொல்லுறார்,” என்றார் அம்மா.

அடுத்த கிழமை மாமா என்னிடம் கேட்டார்: “அக்காவுக்கு என்னில கோவமோ? நானும் எண்பதைத் தாண்டின ஆள். ஒருக்காக் கதைக்கச் சொல்லு.” எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் குசினி மேசையில் வைத்தேன். அம்மா கதவடியில் நின்றபடியே கேட்டார்.

“எடேய், உனக்கு என்னென்ன வருத்தம் கிடக்கு? ஒளிக்காமல் சொல்லு.”

“அக்கா!” என்றது போன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். “சீனி இருக்கு. பிரஷர் இருக்கு. முழங்கால் மடக்கேலாது.”

“பாத்தியோ பிள்ளை? எல்லாம் நான் படைச்சதால.”

“உனக்கும் சீனியாம், முழங்கால் நோவாம். உன்ர மகள் சொன்னவள். உனக்கு ஆர் அக்கா படைச்சது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்பு பாதியில் நின்றது.

“அப்ப… செத்தது ஆர்?”

மாமா உயிரோடு இருக்கிறார் என்ற அதிர்ச்சியிலேயே இத்தனை நாளும் போய்விட்டது. அந்த வீட்டில் ஒரு சாவு நடந்தது உண்மைதானே. யாருடையது என்று நான் கேட்கவேயில்லை. எங்கள் வீட்டில் அழுத அழுகை முழுக்க யாரோ ஒருவனுடையது.

“பக்கத்து அறைப் பெடியன், அக்கா. மன்னார்ப் பக்கம். இரும்பு சரிஞ்சு மேல விழுந்தது. தாய் தகப்பன் இல்லையெண்டு சொன்னவன். நாங்கள் நாலைஞ்சு பேர்தான் கொண்டுபோய் மண்ணுக்குள்ள தாட்டனாங்கள்.”

“அவனுக்கு ஆரும் திதி செய்யிறவையோ?”

“ஆர் இருக்கினம்? அதோட அவன் சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன். உந்த மாளயமொண்டும் அவைக்கில்லை.”

“வேதக்காரனுக்குப் பசிக்காதோ?” என்றார் அம்மா. கதவடியை விட்டு மேசைக்கு வந்தார். போனைக் கையில் எடுத்தார். “அப்ப இவ்வளவு காலமும் நான் வைச்சதை அவன்தான்ரா திண்டிருக்கிறான்.”



“அவன் நல்லாச் சாப்பிடுவான், அக்கா,” என்றார் மாமா.