வேலிப் பக்கம் போன குதிரை

பதின்மூன்று வயதில் எனக்கு இருந்த ஒரே புகழ், நான் கடிப்பேன் என்பதுதான். தெமோதரைப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வகுப்புத் தலைவியின் முழங்கையில் நான் பதித்த பல் தடத்தைப் பார்க்கப் பிள்ளைகள் இடைவேளையில் முண்டியடித்தார்கள். உட்கார் என்றால் எழுந்து நிற்பேன். கரும்பலகையைப் பார் என்றால் ஜன்னலைப் பார்ப்பேன். கால் ஓரிடத்தில் தரிக்காது. முனி பிடித்திருக்கிறது என்றது, தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற எங்கள் லயம். கொழுப்பு என்றார் அப்பா. சித்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் நகங்களை வெட்டிவிட்டாள். பல்லை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவள் ஐந்து வருடம் கழித்து வந்தாள். அதுவரை என்னைச் சித்திதான் பார்த்துக்கொண்டாள். வந்திறங்கிய அம்மா நிறம் வெளுத்து, வாசனையாக, புதுச் செருப்போடு இருந்தாள். எனக்கென்று ஆசையாக வாங்கி வந்த சட்டைகளை எடுத்து விரித்தாள். எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கான சட்டைகள். ஒன்றுகூட என் தோளைத் தாண்டி இறங்கவில்லை. அன்றிலிருந்து நான் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. பசித்தால் பானையைப் பார்த்து, "பசிக்குது" என்றேன். பானை சோறு போடாது என்பது எனக்கும் தெரியும்.

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது பெயருக்குத்தான் சுவர். கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டில் இருந்த சித்தியிடம் ஒரு சாயங்காலம் அம்மா பேசிக்கொண்டிருந்தது அதன் வழியாக என் காதில் விழுந்தது.

"ஏஜென்ட் மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கான். அந்த வீட்டுக்காரி நான்தான் வேணும்னு நிக்கிறாளாம்."

"போகப் போறியா அக்கா?"

"இவ ஒரு தடவ அம்மான்னு கூப்புட்டா போதும், நா எங்கயும் போகல. கூப்புடவே மாட்டான்னா இங்க இருந்து நா என்ன செய்ய?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதம் என்று சொன்னதும் இதே வாய்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் அவள் போகிறேன் என்றால் போகமாட்டாள் என்றுதான் அர்த்தம். அப்படித்தான் முடிவு செய்துகொண்டேன். மறுநாள்தான் வகுப்புத் தலைவியைக் கடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைப் பள்ளியை விட்டு நிறுத்தவேண்டும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, குதிரையிடம் அனுப்பிப் பார்க்கலாம் என்றார் அவர். பண்டாரவளைக்கு அப்பால் ஒரு பழைய பங்களாவில் வெள்ளைக்கார அம்மா ஒருவர் இருந்தார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த மூன்று குதிரைகளை வைத்துக்கொண்டு, எங்கேயும் அடங்காத பிள்ளைகளை வரவழைத்து அவற்றோடு பழகவிடுவாராம். பிள்ளைகளின் மனக்கொதிப்பு அடங்குமாம். எனக்கு ஆறு சனிக்கிழமைகள் கிடைத்தன. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "மனுசனுக்கு அடங்காதவ குதிரைக்கா அடங்கப் போறா?"

எனக்கென்று ஒதுக்கிய குதிரையின் பெயர் சூட்டி. சிங்களத்தில் அதற்குச் சின்னது என்று பொருள். அதன் முதுகோ என் தலைக்கு மேலே இருந்தது. ஏறி உட்கார்ந்து பறக்கலாம் என்று வந்தவளின் கையில் கயிற்றைக் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். இந்தப் பீப்பாயிலிருந்து அந்தப் பீப்பாய் வரை குதிரையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். நான் இழுத்தேன். சூட்டி நான்கு காலையும் ஊன்றி நின்றது. இன்னும் பலமாக இழுத்தேன். அது கொட்டாவி விட்டது. ஆத்திரத்தில் கயிற்றைக் கடித்தேன்.

வெள்ளைக்கார அம்மா சொல்வதை, சனிக்கிழமைகளில் அங்கே வந்துவிடும் மிஸ்தான் எனக்குத் தமிழில் சொல்லுவார். "இழுக்காதையும். சூட்டியைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். நீர் எங்க போகவேணுமோ அந்த இடத்தைப் பாரும். உம்மட கண் எங்க போகுதோ, குதிரை அங்கதான் வரும்."

இது சுத்தப் பேய்க்கதையாகப் பட்டது. என் கண்ணோ ஓரிடத்தில் நிற்காது. காகத்தைப் பார்ப்பேன், மலையைப் பார்ப்பேன், தூரத்துச் சத்தத்தில் ரயில் வருகிறதா என்று பார்ப்பேன். சூட்டியும் அங்குமிங்கும் தலையை ஆட்டிவிட்டு நிற்கும். இரண்டு சனிக்கிழமைகள் இப்படியே போயின. மூன்றாவது வாரம் அலுத்துப்போய், எக்கேடாவது கெடு என்று பீப்பாயை முறைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. பீப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது என் கழுத்தில் அதன் சூடான மூச்சு பட்டது. அந்த வாரம் முழுவதும் நான் யாரையும் கடிக்கவில்லை.

என்னை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிப் போவது அம்மாதான். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். வேலிக்கு வெளியே கொய்யா மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிற்பாள். காரணம், எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில். அதன் வாசலில் ஆளுயரச் சிமெந்துக் குதிரை ஒன்று நிற்கும், அது சாமியின் வாகனம். கோயில் குதிரைக்கே கற்பூரம் காட்டுகிறவளுக்கு, உயிரோடு மூச்சு விடுகிற குதிரை லேசான விஷயமா? பிள்ளையின் குணம் மாறினால் பூசை வைக்கிறேன் என்று அவள் நேர்ந்துகொண்டதை நான் அறியவில்லை. பழகி முடிந்ததும் வேலி வழியாகச் சூட்டிக்கு ஒரு வாழைப்பழம் நீட்டுவாள். அதுவும் அந்த நேரத்துக்கு மரத்தடிக்கு வந்துவிடும்.

ஐந்தாவது சனிக்கிழமை அம்மாவின் பை கனத்திருந்தது. வெள்ளைக்கார அம்மாவுக்கு டெலிபோன் வந்து அவர் பங்களாவுக்குள் போனார். மிஸ் தண்ணீர் குடிக்கப் போனார். அந்த நேரத்துக்கே காத்திருந்தவள்போல அம்மா வேலிக் கம்பிக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். பையிலிருந்து பூசைத் தட்டை எடுத்து வைத்தாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பார்க்க, சூட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதுவும் பழம் கொடுக்கிற கைதானே என்று பேசாமல் நின்றது. கற்பூரத்தைக் கொளுத்தினாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளோடுதான் நான் பேசுவதில்லையே. அவள் தேங்காயைக் கல்லில் ஓங்கி உடைத்தாள்.

சூட்டி இரண்டு காலில் எழும்பியது. கயிறு என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. அது வேலியை ஒட்டி ஒரு சுற்று ஓடித் திரும்பி, நேராக எங்களை நோக்கி வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அம்மா ஓடவில்லை. கண்ணில் நீர் வழிய, கை இரண்டையும் கூப்பிக்கொண்டு, "வந்துட்டியா சாமி" என்று அதன் பாதையிலேயே நின்றாள். முனியாண்டி இறங்கிவிட்டான் என்று நினைத்துவிட்டாள்.

நான் பாய்ந்தேன். அவளுடைய சேலையையும் கையையும் ஒன்றாகப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் புல்லில் உருண்டோம். சூட்டி எங்களைத் தாண்டிப் போய் நின்றது, நெற்றியில் குங்குமத்தோடு. யாருக்கும் அடி இல்லை. ஓடி வந்த மிஸ் என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மாவின் கையை நான் விடவில்லை. தோல் உரிந்த உள்ளங்கையோடு எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ, வளையல் ஒன்று உடைந்து போயிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் கைக்குக் கட்டிய துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். எல்ல என்ற ஊர் நெருங்கியதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு தடவ கூப்புடு புள்ள. நா போகல."

அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கறுப்பன்தைல மரங்களை எண்ணினேன். நாளைக்குக் கூப்பிடலாம், அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் அலையட்டும் என்றும் நினைத்தேன்.

அடுத்து வந்த காலைகளில் அம்மா எனக்குச் சடை பின்னிவிட்டாள். பின்னியதை அவிழ்த்து, கோணல் என்று சொல்லி, மறுபடியும் பின்னினாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டிலுக்கு அடியில் அம்மா குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி இல்லை.

ஆறாவது சனிக்கிழமை என்னைச் சித்தி கூட்டிப் போனாள். அதுதான் கடைசி நாள். முதல் பீப்பாயிலிருந்து ஐந்தாவது பீப்பாய் வரை சூட்டியை இழுக்காமல் கூட்டிப் போனால் முடிந்தது. அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை, நான் நல்லபடியாகவே இருந்தேன். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடந்தேன். இரண்டாவது பீப்பாயைத் தாண்டியதும் சூட்டி வளைந்தது. வேலியை நோக்கி நடந்து, கொய்யா மரத்துக்கு நேரே போய் நின்றது. திருப்பிக் கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் அங்கேயே போனது. மூன்றாவது தடவையும் அப்படித்தான். கயிற்றை நான் இழுக்கவில்லை, சத்தியமாக இழுக்கவில்லை.

வெள்ளைக்கார அம்மா மிஸ்ஸிடம் ஏதோ சொன்னார். மிஸ் என் பக்கத்தில் வந்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குதிரை ஏன் அங்க போகுது எண்டு நினைக்கிறீர்?"

"வாழைப்பழம் தேடுது மிஸ்," என்றேன். "குடுத்துக் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க."

வேலிக்கு வெளியே நின்ற சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒரு குதிரை பழம் தேடுவதற்கு இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மரத்தடியில் ஒருவரும் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றி வைக்கும் இடத்தில் புல் அமுங்கிக் கிடந்தது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, இந்தக் குதிரைக்குப் புத்தியே இல்லை என்று நினைத்தபடி நின்றேன்.